கல்லாகும் இடம் வரை

குளத்தூர்
3 டிசம்பர் 2024

பிரேமாவுக்கு,

என் எண்ணை நீ பிளாக் செய்திருக்கிறாய். போன மாதம் மைக் ஆட்டோ ஓட்டும் சஜினின் போனிலிருந்து அழைத்தேன். எடுத்தாய். நான் உன் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டாய். என் குரலைத்தான் உன்னால் கேட்க முடியவில்லை என்று அப்போது புரிந்தது. கடிதத்தில் குரல் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆட்டோவில் புறப்பட்டால் இன்று மத்தியானமே உன் அண்ணன் வீட்டு வாசலில் நிற்கலாம். ஆனால் பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அருமநாயகம் மச்சான் வீடு இருக்கும் பக்கம் தமிழ்நாடு. கடிதம் திருவனந்தபுரம் போய், நாகர்கோவில் போய், சுற்றித்தான் வரும் என்றார் போஸ்ட்மாஸ்டர். வரட்டும். நான் கேட்கப்போவது பிப்ரவரி இருபதாம் தேதிக்கான காரியம்.

அன்றைக்கு மகன் போய் ஒரு வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது உண்ணி வாசலில் நின்றான். தனுவச்சபுரம் கல்லூரியில் மகனோடு படித்தவன், நம் வீட்டுக்கு வந்தால் உன்னிடம் பழங்கஞ்சி கேட்கிறவன். இப்போது பாறசாலையில் மொபைல் கடை வைத்திருக்கிறான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மாமா, ஞங்க எல்லாருமா ஆலோசிச்சோம். அவனுக்க ஓர்மை நாளுக்கு கிளப் கிரவுண்டில ஒரு படம் போடலாம்ணு. ரத்ததானம் எல்லா இடத்திலயும் உண்டு. படம் போட்டா அவனுக்குப் பிடிக்கும்."

"என்ன படம்லே?"

"இதென்ன கேள்வி மாமா? குதிரைவீரன் தான்."

கோட்டைவாசல் குதிரைவீரன். நமக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே பழைய படமாகியிருந்தது. இருபத்துநாலு வயதுப் பையன்கள் அதன் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். உண்ணியின் பைக்கில் அந்தக் கல் குதிரையின் ஸ்டிக்கர் இருக்கிறது.

படம் போட எனக்குத் தடை இல்லை. ஆனால் அறிவிப்பை நான் சொல்ல வேண்டும் என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கல்யாணமோ கன்வென்ஷனோ மரணமோ, மைக் ஆட்டோவில் என் குரல் போனால்தான் ஆட்கள் கேட்கிறார்கள் என்கிறான் உண்ணி. அறிவிப்பில் மகனின் பெயர் வரும்.

அடக்கம் முடிந்த அன்று நீ என்னிடம் சொன்னாய்: "இனி அந்தப் பேரை உங்க வாயால சொல்லப்பிடாது." நான் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் மரணச் சான்றிதழ் வாங்கப் போனபோது ஜன்னலுக்குள் இருந்த பெண் பெயர் கேட்டாள். ஆதார் அட்டையை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

உன்னைக் கேட்காமல் சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

விஜயதாஸ்

பனச்சமூடு
11 டிசம்பர் 2024

கடிதம் கிடைத்தது.

மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் உங்களை "இஞ்ச பாருங்க" என்று கூப்பிட்டேன். மகன் பிறந்ததும் அவன் பெயரைச் சொல்லி அதோடு அப்பா என்று சேர்த்தேன். இந்த ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். இப்போது பழைய விளிக்குத் திரும்பினால் நடுவில் யாரும் வந்து போகவே இல்லை என்று ஆகிவிடும். மற்றதை என்னால் எழுத முடியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வேண்டாம்.

அன்று நான் எங்கே நின்றேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. மதினிக்குக் காய்ச்சல் என்று முந்தின நாள் இங்கே வந்தேன். காலையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஜங்ஷனுக்கு மீன் வாங்கப் போனேன். நல்ல சாளை வந்திருந்தது. மீன்காரி பொதிந்து கையில் தந்தாள். அப்போது வெள்ளறடைப் பக்கமிருந்து சஜினின் ஆட்டோ வந்தது. ஸ்பீக்கரில் உங்கள் குரல்.

"ஒரு மரண அறிவிப்பு."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எத்தனையோ வருடமாகக் கேட்கிற வார்த்தை. இன்று யாருக்கோ என்று நினைத்தேன். பிறகு குளத்தூர் என்றீர்கள். உங்கள் பெயர் வந்தது. என் பெயர் வந்தது. "தம்பதியரின் ஒரே மகன்" என்றீர்கள். பிறகு அவன் பெயர். முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில். ஆட்டோ என்னைத் தாண்டிப் போயிற்று. சஜின் என்னைப் பார்க்கவில்லை. மீன் பொதியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

எனக்கு அண்ணன்மேல் கோபம் இல்லை. அவர் வந்து சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. அதையும் விடுகிறேன். குரல் இடறவில்லை. ஊரில் யாரோ ஒருவன் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தெளிவாகச் சொன்னீர்கள். அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

இப்போதும் அந்தக் குரல் இந்த ரோட்டில் வருகிறது. யாராவது செத்துக்கொண்டே இருக்கிறார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் அடுக்களை ஜன்னலைச் சாத்துவேன். அப்படியும் கேட்கும்.

உண்ணியிடம் பழங்கஞ்சி குடித்தானா என்று கேட்கவும்.

பிரேமகுமாரி

குளத்தூர்
19 டிசம்பர் 2024

பிரேமாவுக்கு,

சஜினிடம் சொல்லிவிட்டேன். இனி வண்டி வெள்ளறடையோடு திரும்பிவிடும். பனச்சமூட்டுக்கு வராது.

நியாயம் சொல்ல வரவில்லை. நீ நின்ற இடத்தைச் சொன்னாய். நான் நின்ற இடத்தைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதன் பக்கத்தில் நின்றேன். டாக்டர் சொல்லிவிட்டுப் போனபின் மச்சானை அழைத்தேன். அவர் மார்த்தாண்டத்தில் இருந்தார். "நான் போய்ச் சொல்லுதேன், நீங்க பிரேமாவ விளிக்கண்டாம்" என்றார். சரி என்றேன். அவர் சொல்லியிருப்பார் என்றே நினைத்தேன். கொஞ்சம் கழித்து என் சித்தப்பா மகன் வந்து, "அறிவிப்பு விடண்டாமா?" என்றான். யார் வீட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் நான் திரும்பக் கேட்பவை உண்டு. பெயர், வயது, வீட்டுப் பெயர், பெற்றோர், அடக்கம் எப்போது, எங்கே. அன்று எதையும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் எனக்கே தெரிந்திருந்தது. போனை வாயருகே வைத்துச் சொன்னேன். வழக்கமாகத் திரும்பத் திரும்பப் பதிவு செய்வேன். அன்று முதல் தடவையே சரியாக வந்தது. சஜினுக்கு அனுப்பினேன். எந்த வழியாகப் போக வேண்டும் என்றும் சொன்னேன். உன் ஆட்கள் இருக்கிற இடம் விட்டுப்போகக் கூடாது என்று பனச்சமூட்டைச் சேர்த்தது நான்தான்.

குரல் இடறவில்லை என்கிறாய். பிறகு ஒரு நாள் நானும் அதைப் போட்டுக் கேட்டேன். இடறவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

இப்போது என் குரல் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று மரண வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள்.

விபத்தில் சிக்கிய மகனின் பைக் இன்னும் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிறது. எடுத்துப் போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தேன். ஹாண்டிலில் ஏதோ கொடி படர்ந்து பூத்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

உண்ணியிடம் அறிவிப்பு முடியாது என்று சொன்னேன். கஞ்சி கொடுத்தேன். குடித்தான். உப்பு இல்லை என்றான்.

அவன் போனபின் பழைய அறிவிப்பு தானாக நினைவுக்கு வந்தது. நான் மைக் பிடித்த முதல் படம் அதுதான். பனச்சமூட்டுக் கொட்டகைக்கும் சொன்னேன், பாறசாலைத் தியேட்டருக்கும் சொன்னேன். ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து சொன்னேன்: "பெயரைச் சொன்னால் கல்லாவான்! சொல்லாவிட்டால் சாவான்! என்ன செய்வாள் இளவரசி? காணத் தவறாதீர்கள்!" எந்த நாட்டுப் படம் என்று எனக்கும் தெரியாது, கொட்டகைக்காரருக்கும் தெரியாது. கோட்டை, குதிரை, இரும்புச் சட்டை போட்ட ஆட்கள். மந்திரவாதி ஒருவன் காதலர்களுக்கு இட்ட சாபம், ஒருவர் பெயரை மற்றவர் வாய்விட்டுச் சொன்னால் பெயருக்கு உரியவர் கல்லாகிவிடுவார். இதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே ஒன்று தோன்றியது. நீயும் நினைத்திருப்பாய் என்பதால் அதை எழுதவில்லை.

கிறிஸ்துமஸ் வருகிறது. உன் நைட்டிகள் இரண்டு இங்கே கிடக்கின்றன. சஜின் வசம் அனுப்பவா?

விஜயதாஸ்

பனச்சமூடு
27 டிசம்பர் 2024

நைட்டி வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் லோக்கல் கேபிளில் அதே படம். வருடா வருடம் போடுவதுதானே. அண்ணன், மதினி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். என்னைக் கூப்பிடலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானே போய் உட்கார்ந்தேன்.

எனக்கு முதல் தடவை பார்த்தது ஞாபகம் வந்தது. தையல் கிளாஸ் பிள்ளைகள் நாங்கள் ஐந்தாறு பேர் பனச்சமூட்டுக் கொட்டகையில். சாபம் என்னவென்று மந்திரவாதி சொன்னதும் எங்கள் முன்வரிசையில் ஒரு மாமி சத்தமாகச் சொன்னாள்: "இதென்ன பெரிய சாபம்? கெட்டுன நாள் முதலு எங்க வீட்டாளுக்க பேரை நான் சொன்னதில்ல. அவரு கல்லாவும் ஆவல்ல, மனுசனாவும் ஆவல்ல." கொட்டகையே சிரித்தது. படம் அங்கேதான் ஜெயித்தது என்று நினைக்கிறேன். அந்த இளவரசி அவனைக் கூப்பிட ஒவ்வொரு வழியாகத் தேடுவாள். சீட்டியடிப்பாள். கல்லெடுத்து எறிவாள். "ஓய் குதிரைக்காரா" என்பாள். நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு இரும்புக் கோட்டை, எங்களுக்கு ஓலைப்புரை. மற்றபடி ஒன்றுதான்.

கடைசிப் போரில் அவன் முதுகை நோக்கி அம்பு வரும். அத்தனை ஆட்களுக்கு நடுவில் "ஓய்" என்றால் யார் திரும்புவார்கள்? அவள் பெயரைச் சொல்வாள். அவன் திரும்பாமல் அப்படியே குதிரையோடு கல்லாவான். அம்பு கல்லில் பட்டு ஒடியும். அவள் பக்கத்தில் போய் உட்காருவாள். மழை பெய்யும். எங்கள் கொட்டகையில் அங்கே விளக்கைப் போட்டார்கள். அதுதான் முடிவு என்று நாங்கள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தோம். அழுவதற்காகவே திரும்பவும் போனோம்.

பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "குதிரைவீரன் பாத்ததுண்டா?" பனச்சமூட்டில் பார்த்தேன் என்றேன். "அப்ப நீங்க பாத்தது முழுப் படம் இல்ல. இஞ்ச வந்த பெட்டியில கடைசி ரீல் இல்ல. பாறசாலையில உண்டு. அதில அவன் எழும்புவான்" என்றீர்கள். எப்படி என்று சொல்ல வாயெடுத்தீர்கள். சொல்லக்கூடாது என்றேன். எத்தனை தடவை டிவியில் போட்டாலும் மழை பெய்யும் இடத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். அழுது முடித்த ஒன்றைத் திருத்திப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களும் மகனும் முழுவதும் பார்ப்பீர்கள். கைதட்டல் எனக்கு அடுக்களையில் கேட்கும்.

நேற்று முன்தினமும் எழுந்தேன். அடுக்களையில் செய்ய வேலை ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்து மூடினேன்.

பையன்கள் படம் போடட்டும். பெயர் வேண்டாம்.

வண்டி வராதது தெரிந்தது. நன்றி.

பிரேமகுமாரி

குளத்தூர்
9 ஜனவரி 2025

பிரேமாவுக்கு,

நீ சொன்னதை உண்ணியிடம் சொன்னேன். அவன் கடையில் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"மாமா, பேரு சொல்லாம படம் போட்டா ஆருக்க ஓர்மைக்குண்ணு ஆட்கள் கேக்க மாட்டாவளா?"

"கேப்பாவ."

"அப்ப என்ன சொல்லணும்?"

அவன் ஒட்டி முடித்து, போனை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைச் சொன்னான். அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது.

படத்தை மகன் கேபிள்காரரிடம் வாங்கி பென் டிரைவில் வைத்திருந்தான். கல்லூரியில் யாருக்குக் காட்டினாலும் மழை பெய்யும் இடத்தில் நிறுத்திவிடுவானாம். லேப்டாப்பை மூடிவிடுவானாம். "இதுக்க மேல உண்டுல்லா?" என்று கூடப் படித்த வினீத் ஒரு தடவை சண்டைக்குப் போயிருக்கிறான். மகன் சொன்னானாம், "எங்க அம்மை இதுக்க மேல பாக்க மாட்டா. கதை இஞ்ச முடியுததாக்கும் நல்லது. மீதி வேணுமுண்ணா வீட்டில போய்ப் பாருங்கலே."

என்னோடு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தவன். கைதட்டியவன். நான் அவனை என் கட்சி என்று நினைத்திருந்தேன்.

அதனால் பையன்கள் ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். அன்றைக்கும் அவன் நிறுத்திய இடத்தில் நிறுத்துவார்கள். கடைசி ரீல் போட மாட்டார்கள். நீ வந்தால் எழுந்து போக வேண்டியிருக்காது என்று உண்ணி சொன்னான். இதை அப்படியே உனக்கு எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.

மகனின் சட்டைகளை இன்னும் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். நேற்று ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தோளில் பிடித்தது. மடித்து வைத்துவிட்டேன்.

விஜயதாஸ்

பனச்சமூடு
20 ஜனவரி 2025

கடிதத்தை வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன்.

அவன் அப்படிச் சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. நான் அடுக்களையிலிருந்து திரும்பி வரும்போது ரிமோட்டை எடுத்துச் சானலை மாற்றிவிடுவான். எழுத்து ஓடுகிறதைக்கூட நான் பார்க்காமல். அதை அவனுடைய அவசரம் என்று நினைத்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஜங்ஷனில் சாயாக்கடை வைத்திருக்கிற கார்த்தியாயினி அக்காவை உங்களுக்குத் தெரியும். நேற்று என்னை நிறுத்தினாள்.

"பிரேமே, ஒங்க வீட்டாளுக்க வண்டி இப்பம் ஏன் இஞ்ச வாறதில்ல? வெள்ளறடையில எனக்க மாமன் மரிச்சு, எரிச்சு, சாம்பலும் ஆயாச்சு. மறுநாளு பால்காரன் சொல்லித்தான் நான் அறிஞ்சேன். வாட்ஸ்அப்பில போட்டாங்களாம். எனக்கு எங்க வாட்ஸ்அப்பு? எனக்கு அந்த வண்டியாக்கும் வாட்ஸ்அப்பு."

ஒரு சாயா தந்தாள். குடித்தேன்.

அன்று என் பக்கத்தில் நின்றவளும் இதே அக்காதான். ஆட்டோ போனபின் என்னிடம் கேட்டாள், "ஆருக்க பிள்ளையாக்கும்? ஒங்க ஊருதானே, அறியுமா?" அவள் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தாள், சரியாகக் கேட்டிருக்கவில்லை. நான் சொன்னேன். எனக்க மகன் என்று சொல்லி அவன் பெயரையும் சொன்னேன். வயதையும் சொன்னேன். அடக்கம் எப்போது என்றும் நீங்கள் சொன்னதுபோலவே சொன்னேன். என் குரலும் இடறவில்லை. அக்கா என் கையைப் பிடித்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்குக் கேட்டது.

வண்டியைப் பழையபடி விடுங்கள். ஆட்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் ஒரு கேள்வி. கடைசி ரீலில் அவன் எழும்புகிறான் என்று தெரியும். எப்படி எழும்புகிறான்? முழுக் கதை வேண்டாம். அது மட்டும் எழுதுங்கள்.

பிரேமகுமாரி

குளத்தூர்
30 ஜனவரி 2025

பிரேமாவுக்கு,

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது எழுதச் சொல்கிறாய். எழுதினால் அறிவிப்புக்காக எழுதுகிறேன் என்று நினைப்பாய் என்று தயங்கினேன். நினைத்தாலும் சரி. படத்தில் உள்ளது இதுதான்.

அவள் புதிதாக ஒன்றும் செய்வதில்லை. வாள் இல்லை, மந்திரம் இல்லை, மந்திரவாதி மனம் மாறுவதும் இல்லை. போர் முடிந்து எல்லாரும் போய்விடுகிறார்கள். மழை விடுகிறது. கல்லின் பக்கத்தில் அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். எதைச் சொன்னதால் அவன் கல்லானானோ, அதையே திரும்பச் சொல்கிறாள். ஒன்றும் நடப்பதில்லை. திரும்பவும் சொல்கிறாள். கூப்பிடுவதுபோல் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல. அப்புறம் குதிரையின் காது அசைகிறது. அங்கேதான் பாறசாலையில் கைதட்டுவார்கள்.

அதை நம்பச் சொல்லவில்லை. அது படம். நம் வீட்டில் குதிரையின் காது அசையாது என்று எனக்குத் தெரியும்.

வண்டி திங்கட்கிழமை முதல் பனச்சமூட்டுக்கு வருகிறது. கேட்டிருப்பாய்.

உண்ணி திரும்ப வந்தான். தேதியையும் இடத்தையுமாவது சொல்லித் தாருங்கள் என்றான். சரி என்று பதிவு செய்தேன். "பிப்ரவரி இருபதாம் தேதி வியாழக்கிழமை மாலை, குளத்தூர் கிளப் மைதானத்தில்" என்று தொடங்கினேன். யாருடைய நினைவாக என்கிற இடம் வந்ததும் நிறுத்தினேன். பிறகு மீதியைச் சொன்னேன். சஜின் வண்டியில் போட்டுக் கேட்டுவிட்டு வந்தான்.

"அண்ணா, நடுவில ஒரு இடம் சும்மா கெடக்கு. மெஷின் கேடு வந்துட்டுண்ணு நெனச்சேன்."

"கேடு ஒண்ணும் இல்லலே."

"அப்ப அந்த இடத்த வெட்டிக் களையட்டா?"

வேண்டாம் என்றேன். அது அப்படியே இருக்கிறது. இன்னும் வெளியே விடவில்லை.

விஜயதாஸ்

பனச்சமூடு
8 பிப்ரவரி 2025

அனூஜ் அப்பாவுக்கு,

அறிவிப்பைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். அனூஜின் பெயரை அதற்குரிய இடத்தில் சொல்லுங்கள். தமிழிலும் சொல்லுங்கள், மலையாளத்திலும் சொல்லுங்கள்.

படத்தை முழுவதும் போட வேண்டும் என்று உண்ணியிடம் சொல்லுங்கள். அனூஜ் அங்கே நிறுத்தியது எனக்காக. நானே சொல்கிறேன், மீதியும் ஓடட்டும். எனக்குப் பிடிக்குமா என்று தெரியாது. எழுந்து போக அங்கே அடுக்களை இல்லை, அதனால் இருப்பேன்.

இருபதாம் தேதி காலையில் வண்டி இங்கே வரும்போது சஜினைக் கார்த்தியாயினி அக்கா கடை முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நிற்பேன். அறிவிப்பைக் கேட்டுவிட்டு அதே வண்டியில் ஏறி வருகிறேன். அடக்கத்துக்குப் பிறகு அங்கே சமையல் எப்படி நடக்கிறது என்று தெரியாது. கஞ்சிக்கு உப்பு வாங்கி வையுங்கள். பைக்கை அன்றைக்கு நாம் இருவருமாகப் போய் எடுக்கலாம். கொடியை அறுக்க வேண்டாம்.

பதிவு செய்யும்போது குரல் இடறினால் திரும்பச் சொல்ல வேண்டாம். அப்படியே அனுப்புங்கள்.

அனூஜ் அம்மா